லிஃப்டில் எனக்குக் கேட்காத குரல்

எனக்கு இரண்டு காதும் கேட்காது. பொழிச்சலூரில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே சிக்னல் இல்லை. அவசரப் பொத்தானை அழுத்தினேன்; யாராவது பதில் சொன்னார்களா என்று தெரியவில்லை. வீட்டில் என்னைத் தேடவும் ஆள் கிடையாது. பயத்தில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, படியேறி வந்த ஒருவர் சத்தம் கேட்டு வாட்ச்மேனை அழைத்து வந்து திறக்க வைத்தார். வாட்ச்மேன் பேசியதை என் கைபேசி எழுத்தாக்கிக் காட்டியது: "மூணு வாட்டி ஸ்பீக்கர்ல கேட்டேன் சார். பதிலே வரல. யாரோ வெளாடறாங்கன்னு வுட்டுட்டேன்."

பதில் வந்தால் லிஃப்டுக்குள் விளக்கு எரியும்படி வைக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வாட்ச்மேனுக்குக் கையசைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன். மேலே போனதும் பால்கனியிலிருந்து மறுபடி கையசைப்பேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை அங்கேயே நிற்பேன்.