நமுத்துப்போன துண்டு

என் தம்பி இராயப்பன் மரக்காணம் உப்பளத்தில் அப்பாவோடு பாத்தி மிதித்தவன். பிறகு சென்னைக்குப் போய் வேதியியலில் ஆய்வு செய்தான். நான் எட்டாவதோடு நின்றவள். அவன் சொல்லி எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவன் ஆராய்ந்த பொருளில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீளச் சங்கிலி. அதில் பாதி ரப்பர், பாதி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பாதியில் உப்பில் இருப்பது போன்ற மின்னேற்றத் துகள்கள் ஒட்டியிருக்கும். இரண்டு பாதிக்கும் ஒத்துப்போகாது. ஒரே சங்கிலி என்பதால் விலகிப் போகவும் முடியாது. எனவே கண்ணுக்கே தெரியாத அளவில் பட்டை பட்டையாக அடுக்கிக்கொள்ளும். அந்தப் பட்டையின் அகலத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. கண்ணாடிக் கத்தியால் மெல்லிய சீவலாக வெட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடிப்பான்.

1976 டிசம்பரில் நல்ல படம் கிடைத்தது. பேராசிரியருக்குத் திருப்தி. மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

கிறிஸ்துமசுக்கு வந்தவன் அந்தப் பொருளில் ஒரு துண்டைக் காட்டக் கொண்டுவந்தான். விறைப்பாக இருந்தது. அலமாரியில் வைத்தோம். விடாத மழை. இரண்டொரு நாளில் பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் அதை எடுத்துப் பார்த்தார்.

"என்னாடா ராயப்பா, இத்தினி வருசம் படிச்சி இதத்தான் செஞ்சியா? அப்பளம் மாரி நமுத்துப் போயிக்கிது!"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சவரியம்மாள் போன பிறகு சொன்னான்.

"காத்து ஈரத்துக்கே இப்டி ஆவுது. நான் தண்ணியிலயே மெதக்க வுட்டேன்க்கா. உப்புப் பட்டை தண்ணியக் குடிச்சி ஊதியிருக்கும். படத்துல இருக்கிற அகலம் தப்பு."

"யாருக்குடா தெரியப் போவுது?"

"சவரியம்மா அத்தைக்கே தெரிஞ்சிடுச்சி. இனிமே ஊருக்கே தெரியும்."

சென்னைக்குத் திரும்பியதும் பேராசிரியரிடம் சொல்லிவிட்டான். அவர் பழைய படத்தை வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு, "சரி, திரும்ப வெட்டு" என்றார். புதுச்சேரி வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

தண்ணீரில்லாமல் வெட்டினால் சீவல் சுருளும், கிழியும். 1977 முழுக்கக் கிழிந்தது. கடைசியில் சில சீவல்கள் முழுசாக நின்றன. புதிய படத்தில் பட்டைகள் ஒடுக்கமாகவும், ஓரம் கோணலாகவும் இருந்தன. பழைய படம்தான் அழகு.

1978-இல் அந்தக் கோணல் படத்தோடு ஆய்வேடு போனது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் பெரிதாகக் கேட்டது ஒன்றுதான்: தண்ணீர் படாமல் எப்படி வெட்டினீர்கள்? தம்பி மதியச் சாப்பாடு வரை பதில் சொன்னானாம்.