அப்பா குடும்பப் பெயரான கதை

1986 பங்குனியில் சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் எங்களுக்கு மகள் பிறந்தாள். எங்கள் வழக்கப்படி அவள் பெயரோடு என் பெயர் வரவேண்டும். பதிவு அலுவலகத்திலோ, தகப்பனின் குடும்பப் பெயர்தான் பிள்ளைக்கும் என்றார்கள். என் வதிவிட அட்டையில் குடும்பப் பெயராக இருந்தது அப்பாவின் பெயர்.

மனைவி கொதித்தாள். "உங்கட பேர் இல்லாட்டி ஆற்ற பிள்ளையெண்டு சனம் கேக்காதோ?"

தொழிற்சாலையில் என்னோடு வேலைசெய்த ஐரிஷ்காரரிடம் இதைச் சொன்னேன். தன் குடும்பப் பெயருக்கு 'இன்னாரின் பேரன்' என்றுதான் பொருள் என்றார். அந்தத் தாத்தா ஆயிரம் வருடத்துக்கு முந்தியவராம். விடுமுறைகளில் ஊருக்குப் போய் பழைய பதிவேடுகளில் அவரைத்தான் தேடுகிறாராம்.

வீட்டில் சொன்னேன்.

"அப்ப ஆயிரம் வருசத்துக்கு மாமான்ர பேரோ? எங்கட கலியாணத்துக்கே வராத மனுசன்!" என்றாள் மனைவி. பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"சரி, அந்தப் பேரையே குடுங்கோ. இனி எங்கட வீட்டு விசேசம் ஒண்டுக்கும் அவர் வராம இருக்கேலாது."