மரை இல்லாத குழாய்

சிறுநீரகக் கல்லை எடுத்த டாக்டர், நல்ல தண்ணீராகப் பார்த்து தினமும் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் மறுபடியும் வரும் என்று சொல்லி அனுப்பினார். அந்த வலியை இன்னொரு முறை தாங்க எனக்குத் தெம்பில்லை. நாங்கள் குடியிருந்ததோ மீஞ்சூரில், மாடிப் போர்ஷனில். போர் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் போதும், கடல் எத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கேன் போடுகிறவர் மாடி ஏறமாட்டார். என்னை வெயிட் தூக்கக் கூடாது என்றிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்காரர் என்று நான் சொன்னது என் கணவரை. வீட்டின் சொந்தக்காரர் கீழே இருந்தார். நெல் விளைந்த நிலத்தில் பாதியை விற்று மூன்று போர்ஷன் கட்டியவர். மிச்சம் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு வீடு கட்டத் தெரியவில்லை. சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். காலண்டரைக்கூட டேப் போட்டு ஒட்டியிருந்தோம். அதனால் சுவரில் மாட்டாமல் அடுப்பு மேடையிலேயே வைத்து, குழாயில் ஒரு ட்யூபைச் செருகிக்கொள்ளும், உப்பை எடுக்கும் ஃபில்டராக வாங்கினோம்.

கூடவே மூன்று அளவில் ரப்பர் இணைப்பு கொடுத்திருந்தார்கள். மூன்றும் சேரவில்லை. எங்கள் குழாயின் வாய் நசுங்கி அகன்று, திருகி மாட்ட மரையே இல்லாமல் மொட்டையாக இருந்தது. அப்படியொரு குழாயை எந்தக் கடைக்காரன் இவர் தலையில் கட்டினானோ தெரியவில்லை.

கீழே போய், "சார், கொழாய மட்டும் மாத்திக்கிறோம். நாங்களே வாங்கியாந்துடறோம்" என்றேன்.

"நல்லா கீற கொழாய இன்னாத்துக்குமா மாத்தணும்? கொழாய்க்கு ஏத்த ஃபில்டரா வாங்கிக்கோ" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் கணவர் எதற்கும் சண்டைக்குப் போகாதவர். அதைப் பொறுமை என்று அவருடைய அம்மா சொல்வார்கள். நான் சோம்பேறித்தனம் என்பேன். "வுடு, ட்யூப கையில புடிச்சிக்கினு ரொப்பிக்கலாம்" என்று குழாயோடு ட்யூபை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷத்தில் அரை டம்ளர் தண்ணீரும் முழுசாக நனைந்த ஒரு லுங்கியும் கிடைத்தன. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே இயந்திரம் அதுதான்.

நான் கும்மிடிப்பூண்டியில் வால்வுக்கான பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். மரை மயிரிழை பிசகினாலும் பீஸைக் கழிவுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். மெஷின் ஓட்டுகிற ஆம்பளைகளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அப்படிப்பட்டவள் ஒரு மொட்டைக் குழாயிடம் தோற்பதா? கம்பெனி வெர்னியர் அளவுகோலைப் பைக்குள் வைத்து எடுத்துவந்து, குழாயின் வாயை நாலு பக்கமும் அளந்தேன். டூல் ரூமில் லேத் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் படம் போட்டுக் கொடுத்தேன். டீ டைமில் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து, உள்ளே ரப்பர் வைத்து, இரண்டு ஸ்குரூ போட்டுத் தந்தார். டிபன் பாக்ஸில் ஒளித்து கேட்டைத் தாண்டினேன். சட்டம் பேசுகிறவள் செய்கிற வேலை இல்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டினேன். அச்சாகப் பொருந்தியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கீழே இருக்கிற மனுஷரை வரவழைத்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. அந்தத் திமிரில், எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பானரால் இன்னொரு திருப்பு திருப்பினேன். குழாய் மொத்தமும் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு கையில் வந்தது.

உள்ளே குழாயைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. உடைந்த பிளாஸ்டிக் பைப்பில் சணலும் பழந்துணியும் சுற்றி, மேலே வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தார்கள். வாயை நாலு முறை அளந்த நான், சுவரை ஒருமுறை தட்டிப் பார்க்கவில்லை. கொடுத்த அளவுக்கு மேல் எதையும் பார்க்காத புத்தி.

தண்ணீர் அடுப்பு மேடையில் பாய்ந்து ஹாலுக்குப் போனது. வீட்டுச் சொந்தக்காரர் ஓடிவந்தார். மொட்டைமாடி வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லை. டேங்க் முழுக்கக் காலியானபிறகுதான் நின்றது. நல்லா கீற ஊட்ட நாசம் பண்ணிட்டே என்று வாய் ஓயும்வரை திட்டினார். நான் ஆபரேஷன் செய்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்ன தோன்றியதோ, கீழே போய் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இந்தாம்மா, இத்த குடி. கேன் தண்ணிதான். அந்த போர் தண்ணிய எங்க ஊட்ல யாரும் வாயில வெக்கமாட்டோம்."

தர்மம் செய்கிற முகத்தோடு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டிலை அவர் மேலேயே வீசியிருப்பேன். தாகமாக இருந்ததால் குடித்தேன்.

கணவரின் கம்பெனியில், ஹாஸ்டல் போன்ற குவார்ட்டர்ஸில் இடம் கிடைத்தது. அங்கே நல்ல தண்ணீர் உண்டு. கீழே போய்க் காலி செய்கிறோம் என்றதும், "மூணு மாசம் முன்னாடியே சொல்லணும். இல்ல, ஒரு ஆள புடிச்சி உட்டுட்டு போ" என்றார். இப்போதும் காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் இந்தக் கதையைச் சொல்வேன். பாட்டில் வரைக்கும் சொல்வேன், எல்லோரும் அந்த ஆளைக் கழுவி ஊற்றுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்வேன்.

நான் பிடித்த ஆள், பக்கத்துக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவனின் மனைவி. வயிற்றில் ஏழு மாதம் இருக்கும். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு சமையலறையில் புதுக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள்.

"லேசா உப்பு கரிக்குதுல்ல? குடிக்கலாமாக்கா?"

வாசலில் எங்கள் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன.

"நாங்க இதத்தாம்மா குடிச்சோம்" என்றேன். "பழகிடும்."