கடைத்தெருவில் விட்டுவந்த புடவை மூட்டை

கொழும்பில் கலவரம் வெடித்த அன்று விடுதியில் நானும் மாமாவும் இருந்தோம், அண்ணன் இல்லை. ஆரணியிலிருந்து கொண்டுபோன பட்டுப்புடவைகளை விற்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

விடுதி நடத்திய சிங்கள அம்மா எங்களைத் தன் சமையலறையில் ஒளித்துவைத்தார். அண்ணனும் எப்படியோ வந்து சேர்ந்தார், வெறுங்கையோடு.

"மூட்டை கடையிலயே கீது மாமா. ஜல்தியா எடுத்துகினு வந்துர்றேன்."

"எரிஞ்சா எரியட்டும்டா, உக்காரு!"

நான் கையைப் பிடித்தேன். உதறினார். "நீ படிச்சவன், உத்தியோகத்துக்குப் போய்டுவ. சரக்கு போச்சுன்னா எனக்கு எந்த மொதலாளிடா தறிக்குப் பட்டு குடுப்பான்?"

பின்கதவு வழியாகப் போனவர் திரும்பவேயில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

வெளிநாடு கிளம்பும் நெசவாளிகளிடமெல்லாம், கலவரம் என்றால் சரக்கை மறந்துவிடுங்கள் என்று இப்போது கெஞ்சுகிறேன். அந்த மூட்டைக்காக முதலாளிக்கு நாங்கள் கட்டி முடித்தது மூவாயிரத்து இருநூறு ரூபாய்.