ஒரே போட்டியில் இரண்டு முறை தோற்றவள்

காஞ்சிபுரத்தில் ஒரு கிளப்பில் என் அப்பா மார்க்கர். மார்க்கர் என்றால் என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெம்பர்கள் வருவதற்கு முன்னால் வந்து டென்னிஸ் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட வேண்டும். வலையைக் கட்ட வேண்டும். மெம்பர் ஒருவருக்கு ஜோடி வராவிட்டால் எதிர்ப்பக்கம் நின்று ஆட வேண்டும். அதிலும் ஒரு சட்டம் உண்டு. மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. எண்ணிக்கையே வைக்கக் கூடாது; முதல் புள்ளிக்கு 'ஃபிஃப்டீன்', சைபருக்கு 'லவ்' என்று சொல்வார்களே, அதெல்லாம் அவர் வாயில் வரக் கூடாது. பட்டுக்கடை முதலாளியோ வக்கீலோ, அவர் நிற்கிற இடத்துக்கே பந்து போய்ச் சேர வேண்டும். அவர் அதை ஓங்கி அடித்துவிட்டு "எப்டி?" என்பார். "சூப்பர் சார்" என்று அப்பா சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்தால் மெம்பர்களுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ, அப்பாவுக்குக் காகிதக் கப்பில். இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஆடக் கற்றுக்கொண்டதும் அந்தக் கோர்ட்டில்தான், ஆள் குறைகிற காலைகளில்.

"அவங்க ஓடக் கூடாதும்மா. நாமதான் ஓடணும். பந்த கரெக்டா அவங்க கைக்கு அனுப்பு" என்பார் அப்பா.

எட்டு வயதில் எனக்குக் கிடைத்த பயிற்சி இதுதான். சும்மா சொல்லக் கூடாது, இதுவும் ஒரு வித்தைதான். எந்த மூலைக்கு ஓடி எடுத்தாலும் எதிராளியின் மட்டைக்கு இரண்டடி முன்னால் பந்தை விழவைப்பேன். ஸ்கூல், காலேஜ், ஸ்டேட் என்று நான் ஜெயித்ததெல்லாம் ஓட்டத்தால் ஜெயித்தது. எதிரில் இருப்பவள் தானாகத் தப்பு செய்யும்வரை திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பேன்.

படிப்பு முடிந்ததும் மெம்பர் ஒருவர் தன் பட்டுக்கடையில் வேலை கொடுத்தார். பாயில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவையைப் பிரித்து முந்தானையைக் காட்ட வேண்டும். "நம்ம மார்க்கர் பொண்ணு" என்று கஸ்டமர்களிடம் சொல்வார். காலையில் அவருக்குப் பந்து போட்டுவிட்டு, குளித்துக் கிளம்பி, அவர் கடையிலேயே போய் உட்காருவேன்.

அப்போதுதான் சென்னையில் பெண்களுக்கான புரொஃபஷனல் போட்டி ஒன்று வந்தது. ஒற்றையர் பிரிவில் தகுதிச் சுற்றில் எனக்கு இடம் கிடைத்தது. சனி, ஞாயிறு லீவு கேட்டுப் போனேன். சனிக்கிழமை ஜெயித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் ஜெயித்தால் முக்கியச் சுற்று. எனக்கு வேண்டியது அதுதான். அந்தச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம். கோப்பைக் கனவெல்லாம் எனக்கு இல்லை.

ஆளுக்கொரு செட் எடுத்திருந்தோம். கடைசியில் டைபிரேக்கர், இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் பத்தைத் தொடுபவளுக்கு ஆட்டம். எட்டுக்கு எட்டு. எதிரில் ஆடிய புனேக்காரப் பெண் வலது ஓரத்தில் கால் வழுக்கி விழுந்து, எழுந்துகொண்டிருந்தாள். இடது பக்கம் முழுக்கக் காலி. பந்து என் மட்டைக்கு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் எழுந்து நின்ற இடத்துக்கே, அவள் கைக்கு வாட்டமாக, அழகாகப் போட்டுக் கொடுத்தேன். அவள் அடித்தாள். அடுத்த புள்ளியும் அவளுக்கே போய் ஆட்டம் முடிந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அது பதற்றத்தில் வந்த தப்பு இல்லை என்று என் கைக்குத் தெரியும். தொட்டில் பழக்கம். பாத்ரூமில் போய் அழுதேன். தோல்வியைவிட அந்தக் கையின் மேல்தான் எனக்கு ஆத்திரம். அப்பாவுக்கு போன் போட்டேன்.

"எடது பக்கம் காலியா இருந்துச்சுப்பா. அவ கைக்கே போட்டுட்டேன்."

"நான் சொல்லிக் குடுத்ததும்மா அது" என்றார். வீட்டுக்கு வா என்று அவர் சொல்லவில்லை.

டென்னிஸில் 'லக்கி லூசர்' என்று ஒன்று உண்டு. கடைசித் தகுதிச் சுற்றில் தோற்றவர்கள் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். முக்கியச் சுற்றில் யாராவது ஆட முடியாமல் விலகினால் அந்த இடம் பட்டியலில் இருப்பவளுக்கு. தினமும் காலையில் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை போட்டேன். மதியம் கடை முதலாளி போனில் கூப்பிட்டார்.

"தோத்துட்டதான? அப்புறம் இன்னாமா லீவு?"

"தோத்தவங்களுக்கும் ஒரு லிஸ்ட் இருக்குது சார். வெயிட் பண்ணிக்கினு இருக்கேன்."

சிரித்தார். "ஆவணி முகூர்த்தம், கடையில நிக்க எடம் இல்ல. நாளைக்கு வரலன்னா உன் பாயில வேற பொண்ணு உக்காந்துடும், பாத்துக்க."

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? செவ்வாய்க்கிழமையும் கையெழுத்துப் போட்டேன். ஷூவை இறுக்கிக் கட்டி, விரல்களில் டேப் சுற்றி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் சுற்றில் கடைசியாக ஒரு ஆட்டம்தான் மிச்சம் இருந்தது. அதில் ஆட வேண்டிய பெண்ணுக்குப் பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டது. அதிகாரி அம்மா வந்து என் பெயரைக் கூப்பிட்டார். பத்தே நிமிடத்தில் கோர்ட்டில் இருந்தேன்.

எதிரே ஒரு வெளிநாட்டுப் பெண், என்னைவிட ஒரு முழம் உயரம். முதல் கேமிலேயே அதே மாதிரி பந்து, அதே மாதிரி காலியான இடது பக்கம். கை பழையபடி அவள் பக்கமே திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டை வெட்டி இழுத்து, ஆளே இல்லாத மூலைக்கு அடித்தேன். அவள் ஓடவே இல்லை, நின்று பார்த்தாள். என் பந்தை எடுக்க முடியாமல் ஒருத்தி நிற்பதைப் பார்க்க இத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று முழுக்க அப்படியே அடித்தேன். பாதி வெளியே போய் விழுந்தது. நாலுக்கு ஆறு, ஐந்துக்கு ஏழு என்று தோற்றேன்.

புதன்கிழமை காலையில் அப்பாவோடு கிளப்புக்குப் போனேன். முதலாளி வராந்தாவில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கூட நாலைந்து மெம்பர்கள்.

"இன்னாமா, மறுபடியும் தோத்தியாமே?"

"ஆமா சார். மறுபடியும் தோக்கணும்னா மறுபடியும் உள்ள உடணும். உட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பாயில வேற பொண்ணு உக்காந்தாச்சு. சொல்லிட்டுதான செஞ்சேன். சரி வா, நாலு பந்து போடு."

"பந்து போட மாட்டேன் சார். எண்ணிக்கை வெச்சி ஆடறதுன்னா வரேன்."

வலையைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். என் வேலை போயிற்று. அடுத்து அவர் வேலை. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலாளியாலும் மறுக்க முடியவில்லை.

"நீயே சர்வீஸ் போடு" என்றார்.

போட்டேன். திருப்பி அடித்தார். பந்து வழக்கம்போலத் தன் கைக்கு வரும் என்று, வலது பக்கம் நின்றபடி மட்டையைத் தூக்கிக் காத்திருந்தார். நான் இடது மூலைக்கு அடித்தேன். அப்பா காலையில் போட்ட கோட்டின் மேல் விழுந்து, சுண்ணாம்பு பறந்தது. முதலாளி நின்ற இடத்திலேயே நின்றார்.

வலைக்குப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. முப்பது வருடத்தில் ஒரு மெம்பருக்கு எதிராக அவர் எண்ணிக்கை சொன்னதே இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஃபிஃப்டீன் லவ்."