காலணியோடு ஏறலாம்

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன்கூடத் திருதிருவென்று விழிப்பார். கால் சிஸ்டர் என்று கேட்டால் போதும், நேராகப் போய் இடது பக்கம் திரும்பினால் கடைசி அறை என்று கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார். சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்தவர்களுக்கு அந்த அறையில்தான் அவள் கழுவிக் கட்டுப் போடுவாள். உள்ளே வருகிறவரின் முகத்தை அவள் முதலில் பார்த்ததே இல்லை. "செருப்பக் கழட்டு." வணக்கமும் அதுதான், நலம் விசாரிப்பும் அதுதான். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியிடமும் பழக்கதோஷத்தில் அப்படியே சொல்லிவிட்டாள். அவரும் பயந்துபோய்க் கழற்றிவிட்டார். "குதிகால் இப்படி வெடிச்சுக் கிடக்கு, நீங்க எங்கள ஆய்வு பண்ண வந்துட்டீங்க" என்று அவருக்கும் களிம்பு தடவித்தான் அனுப்பினாள்.

கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். ஆனால் அந்தக் கோபத்தால் எத்தனை கால்கள் கத்திக்குத் தப்பின என்பது பெஞ்சில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். மாவு மில்காரர் ஒருவர் இருந்தார். வாரா வாரம் வருவார். அவளிடம் திட்டு வாங்காத வாரம் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம்தான் அந்த ஊசி வந்தது.

வாரம் ஒரு முறை வயிற்றில் போட்டுக்கொண்டால் பசி அடங்கும், எடை இறங்கும். பருமனால் ஜனங்கள் நோயில் விழுகிறார்கள், வேலைக்கு லீவு போடுகிறார்கள், அதனால் அரசாங்கமே இலவசமாகப் போடும் என்று அறிவித்தார்கள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாடிப்படியில் பாதியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும் பதிவறை அம்மாள், சில மாதங்களில் கையில் ஃபைலோடு விறுவிறுவென்று ஏறிப் போவதை அவளே பார்த்தாள். நல்ல மருந்துதான். ஆனால் மருந்தை அனுப்பியவர்கள் அதைப் போடுவதற்கு ஆளையும் அனுப்பவில்லை, அறையையும் அனுப்பவில்லை. சூப்பிரண்டு ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் அவள் வாசலில் வந்து நின்றார்.

"சிஸ்டர், ஒரு சின்ன மாற்றம்."

"சின்னதுன்னு நீங்க சொன்னாலே அது பெருசாத்தான் இருக்கும் சார்."

"கொஞ்ச நாளைக்குத்தான். இந்த ரூம எடை மையத்துக்கு எடுத்துக்கறோம். நீங்களே இருந்து பாத்துக்கங்க. கூட்டத்த அதட்டி உருட்ட உங்கள விட்டா ஆள் இல்ல."

"அப்ப என் காலுங்க?"

"உங்க காலுக்கு என்ன ஆச்சு?"

"என் பேஷன்ட்டுங்க கால் சார்!"

"அதெல்லாம் சர்ஜரி ஓபியில பாப்பாங்க. அங்க அனுப்பிடுங்க."

சர்ஜரி ஓபி வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரைக்கும் நிற்கும். புண் காலோடு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் சண்டை போட்டு பெஞ்சுகள் வாங்கி வைத்திருந்தாள். அந்த பெஞ்சுகளை வெளியே தூக்கினார்கள். எடை பார்க்கும் மேடை உள்ளே வந்தது. மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகையும் ஏறியது. 'இந்த மருத்துவமனை இதுவரை குறைத்த மொத்த எடை' என்று அதில் எழுதியிருந்தது. சாயங்காலம் தோறும் அவள் அந்த எண்ணை மாற்ற வேண்டும். கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "இவ்ளோ சதையும் எங்கம்மா போச்சு? கடைசில நான்தான் அள்ளிக் கொட்டணுமா?"

எடை மையத்தில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால்தான் ஊசி என்பதால், அந்த அளவை எட்டாதவர்கள் பையில் சாவிக்கொத்தும் இடுப்பில் ஈரத் துண்டுமாக, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கோ எடை இறங்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். வாட்சைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, மூச்சையும் அடக்கிக்கொண்டு ஏறினார்கள். "மூச்ச விடுங்கய்யா, காத்துக்கெல்லாம் வெயிட் கிடையாது!" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியது. போதாததற்கு அவளும் ஒல்லியான உடம்புக்காரி இல்லை. "மொதல்ல நீங்க ஒண்ணு போட்டுக்கங்க சிஸ்டர்" என்று தினமும் எவராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். "நான் போட்டுக்கிட்டுச் சுருண்டு படுத்துட்டா உனக்கு உங்கப்பனா வந்து போடுவான்?" என்பாள்.

அந்த வரிசையில் அவளுடைய தம்பியும் நின்றான்.

அவன் பஸ் டிரைவர். ஆள் ஆஜானுபாகு. டெப்போவில் அவனுக்கு டபுள் டெக்கர் என்று பட்டப்பெயர். சில வருஷங்களாகச் சர்க்கரையும் இருந்தது. அடுத்த உடல் தகுதிப் பரிசோதனைக்குள் எடையைக் குறைக்காத டிரைவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, டெப்போ கேட்டில் உட்கார வைக்கப்போவதாக ஆபீசில் உத்தரவு வந்திருந்தது. அன்றைக்கு நேராக அக்கா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"ஸ்டியரிங் இல்லன்னா கைய எங்க வச்சுக்கறதுன்னே எனக்குத் தெரியாதுக்கா."

அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். "அழுவாத, எருமை. ஊசி என் கையிலதான இருக்கு? உன்ன இளைக்க வச்சு அந்த பஸ்ஸுலயே ஏத்துறேன்" என்றாள்.

சொன்னபடியே அவன் இளைத்தான். ஆனால் கூட்டம் இளைக்கவில்லை. காவலாளிகள், டிரைவர்கள், தீயணைப்பு ஆட்கள் என்று ஆபீஸ் ஆபீசாக அனுப்பிவைத்தார்கள். எல்லோருக்கும் லேஸ் வைத்த ஷூ. குனிந்தால் வயிறு இடிக்கும். ஒவ்வொருத்தரும் முக்கி முனகிக் கழற்றி, ஏறி, இறங்கி, மறுபடி மாட்டுவதற்குள் அவளுக்குத் தலை வெடித்தது. சூப்பிரண்டு வந்து, இவ்வளவு மெதுவாகப் போனால் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று குதித்தார். அவளும் எரிச்சலில், "அப்ப ஷூவோடயே ஏத்துங்க! ஷூ வெயிட்டுன்னு ஆளுக்கு இவ்ளோ கழிச்சுட்டாப் போச்சு!" என்றாள்.

எரிந்து விழுந்த பேச்சுதான். அவர் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: காலணியோடு ஏறலாம். வரிசை கடகடவென்று நகர்ந்தது. அன்று அவள் பொழுதோடு வீடு போய்ச் சேர்ந்தாள். பரவாயில்லையே, நம் வாயிலிருந்தும் ஒரு நல்ல யோசனை வந்ததே என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

தம்பியின் பேன்ட் தொளதொளத்தது. மோதிரம் கழன்று விழுந்தது. தம்பி மனைவி மட்டும் ஓயாமல் புலம்பினாள். "அண்ணி, நாலு வாய் வச்சதும் எழுந்துடறாரு. நான் யாருக்குச் சமைக்கிறேன்னே தெரியல."

"இத்தன நாளா சட்டியோட முழுங்குறான்னு அழுத. இப்ப இதுக்கும் அழுவுறியா?" என்று அவள் வாயை அடைத்தாள்.

பரிசோதனைக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது அது நடந்தது. வழக்கமான கூட்டம், வழக்கமான கூச்சல். ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். மூக்கு விடைத்தது. அந்த வாடையை அவள் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பாள். வியர்வைக்கும் பினாயிலுக்கும் நடுவே, லேசாக, இனிப்புக் கலந்த அழுகல்.

"யாருக்குக் கால்ல புண்ணு?"

வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களத்தான் கேக்கறேன். யாருக்கு?"

"எனக்கில்ல சிஸ்டர்." "எனக்குக் கால்ல ஒண்ணுமில்லம்மா." "அது ஆஸ்பத்திரி வாடைதான, நல்லாருக்கே" என்றான் ஒரு காவலாளி.

"எல்லாரும் ஷூவக் கழட்டுங்க."

"அதான் கழட்ட வேணாம்னு ஒட்டியிருக்கே!"

"அந்த யோசனையச் சொன்னவளே சொல்றேன், கழட்டுய்யா!"

ஒரே களேபரம். திட்டிக்கொண்டே ஒவ்வொருத்தராகக் குனிந்தார்கள். அவள் தலையைக் குனிந்தபடி பாதம் பாதமாகப் பார்த்துக்கொண்டு வரிசையில் நடந்தாள். கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சற்று முன்பு அங்கே நின்றிருந்தவன் அவளுடைய தம்பி.

அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். நடைபாதையில் அவன் ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்துப் போய்க்கொண்டிருந்தான். "ஏய் ஆயாம்மா, அவன விடாத!" ஆயாம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் துடைப்பக் கட்டையைக் குறுக்கே நீட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பரிசோதன முடியட்டும்க்கா. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம்." அவன் கும்பிட்டான்.

அங்கேயே தரையில் உட்கார வைத்து வலது ஷூவை உருவினாள். முன்பக்கத்திலிருந்து ஒரு துணிச் சுருள் வந்து விழுந்தது. உடம்பு இளைத்ததில் பாதமும் இளைத்து ஷூ லூசாகிவிட்டது. ஆபீசில் வருஷத்துக்கு ஒரு ஜோடிதான் தருவார்கள். கழன்று போகாமலிருக்கத் துணியைத் திணித்து ஓட்டியிருக்கிறான். அது நாள் முழுக்கக் கட்டைவிரலை அறுத்திருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன கால், வலி தெரியவில்லை. சாக்ஸில் கறையைப் பார்த்த பிறகும், தெரிந்தால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மறைத்துவிட்டான். ஒழுங்காகச் சாப்பிடாத உடம்பில் புண் ஆறவும் இல்லை. அத்தனை வாரமும் அவன் அவள் கண் முன்னால்தான் அந்த மேடையில் ஏறி இறங்கியிருக்கிறான்.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் அவன் பயந்து அழ ஆரம்பித்தான்.

விரல்களோடு பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. அவன் வார்டில் கிடந்தபோது டெப்போ மேனேஜர் அவளுக்குப் போன் செய்தார். "சந்தோஷமான சமாச்சாரம்மா. உங்க ஆஸ்பத்திரி அனுப்புன கணக்குப்படி உங்க தம்பி எடையில பாஸ். டூட்டிக்கு எப்ப வரார்?"

"வெட்டி எடுத்ததையும் சேத்துக் கழிச்சுக்கங்க சார், இன்னும் நல்ல மார்க் வரும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அன்று மாலை வெள்ளைப் பலகையின் முன்னால் பேனாவோடு வெறுமனே நின்றுகொண்டிருந்தாள். பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம், மாவு மில்காரரை எங்கேயாவது பார்த்தாயா என்று கேட்டாள். ஆயாம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"அவர் போயிட்டாரும்மா. மரத்தடி வரிசையில ரெண்டு மூணு தரம் வந்து நின்னு பாத்தாரு. முடியலன்னு திரும்பிட்டாரு. கால் புண்ணோட விஷம் உடம்பு பூரா ஏறிடுச்சாம். உங்ககிட்டச் சொல்ல யாருக்கும் மனசு வரல."

மறுநாள் காலை சூப்பிரண்டு வந்து பார்த்தபோது அவருடைய அறையில் மேஜைக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. அவருடைய ஏசி ஒயரைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகியிருந்தார்கள். எடை மேடை நாற்காலியின் முன்னால் கிடந்தது.

"என்ன சிஸ்டர் இது அக்கிரமம்?"

"முக்கியமான மருந்துன்னு நீங்கதான சார் சொன்னீங்க. முக்கியமானது உங்க கண் முன்னாடியே இருக்கட்டும்."

"உங்களுக்கு மெமோ கொடுப்பேன்!"

"குடுங்க. என் ரூம்ல இருப்பேன்."

மெமோ வந்தது. விசாரணையும் வந்தது. மரத்தடிக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்த சர்ஜரி டாக்டர்கள் அவளுக்காகப் பேசினார்கள். கடைசியில், ஊசி மதியத்துக்கு மேல் வேறு நர்சோடு வராந்தாவுக்குப் போவதென்றும், அறை பழையபடி கால்களுக்கே என்றும் முடிவாயிற்று. இதற்கு அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. பெஞ்சு ஏன் ஆடுகிறது என்றுதான் கேட்டார்கள்.

தம்பியும் கட்டு மாற்ற அங்கேதான் வருகிறான். ஒருநாள் அவள் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஸ்பெஷல் ஷூ செஞ்சு தராங்களாமே. அதப் போட்டா பிரேக் அழுத்த முடியும்ல?"

எல்லோருக்கும் பட்டென்று உண்மையைச் சொல்கிறவள் அவள். இப்போது பஞ்சை மாற்றி, ஒற்றிய இடத்தையே மறுபடி ஒற்றினாள்.

"முடியாதுடா. பஸ்ஸுன்னா முடியாது."

அவன் தலையை ஆட்டினான். கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

"சாப்பிட்டியா?"

"பசிக்கலக்கா."

"ஊசிதான் நிறுத்தியாச்சே, இன்னும் என்னடா பசிக்கல?"

அவள் கட்டுப் போட்டாள்; சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடியும் சுற்றினாள். வெளியே பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"என்ன சிஸ்டர், சொந்தத் தம்பின்னா மட்டும் இவ்ளோ நேரம் பாப்பீங்களா?"

"பாப்பேன்! வாய மூடிட்டு உக்காரு!" என்று அவள் தலையைத் தூக்காமலேயே கத்தினாள்.