டாக்டரிடம் சொல்லாமல் வைத்திருந்த நினைப்பு

எங்கள் பக்கத்தில் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லிப் பழக்கமில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையையும்தான். பல்லடத்திலிருந்து பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய், மனநல டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, "பரவால்லீங்க, இப்பத் தேவலைங்க" என்பேன். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லப்போய் மாத்திரைகள் மாறின. மனச்சோர்வு மட்டும் மாறவில்லை.

அவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. நான்கு வயது மகள் பக்கத்தில் வந்தாலே, கத்தியை எடுத்து இவளை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு நினைப்பு வரும். பெற்ற பிள்ளையை! சீ, நானெல்லாம் ஒரு தாயா என்று என்னையே திட்டிக்கொள்வேன். காய் நறுக்குவதை வீட்டுக்காரர் தலையில் கட்டினேன். மகளைத் தொடுவதையே விட்டேன். வெளியே சொன்னால் அவளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று பயம்.

ஒருமுறை வழக்கம்போல் "பரவால்லீங்க" என்றதும் டாக்டரம்மா சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, நெசமாவே தேவலையா, என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்களா?"

பிடிபட்டுப் போனேன். எனக்கும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை.

"வேண்டாம்னாலும் திரும்பத் திரும்ப வர்ற நெனப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சொன்னேன், எல்லாவற்றையும். அவர் முகம் சுளிக்கவே இல்லை.

"எத்தனையோ தாய்மாருக்கு இப்படி வருதுங்க. எண்ணச் சுழற்சி நோய்னு பேரு. அது உங்க ஆசை இல்லீங்க, பயம். சோர்வுக்கு மட்டும் வைத்தியம் பாத்துட்டு இருந்தோம். இதுவும் கூடவே இருந்திருக்குது."

என் பாவம் என்று நினைத்த ஒன்றுக்கு ஒரு பெயர்! முகம் தெரியாத எத்தனையோ அம்மாக்கள் என்னைப் போலவே கத்தியைக் கண்டு ஒதுங்கியிருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

இரண்டுக்குமாக மருந்து மாறியது. பயத்தைக் கண்டு ஓடாமல் இருக்கவும் பழக்கினார்கள். மெதுவாகத்தான் தெளிந்தது. ஒருநாள் காலை, நினைப்பு அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்க, மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினேன். வகிடு கோணிப்போனது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஏம்மா, எனக்குச் சீக்கு போயிருச்சா? இனி நீ என்னையத் தொடலாமா?"

இத்தனை நாளும் சீக்கு தனக்கென்று நினைத்துத்தான் பிள்ளை தள்ளி நின்றிருக்கிறாள்.